இரண்டு பஞ்சாங்கத்துக்கு ஒரு கல்யாணம்

கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து குறை சொல்லாதவன் தமிழனே இல்லை. சாம்பாரில் உப்பு கம்மி, பந்தியில் இடம் பிடிக்க அடிதடி, மாப்பிள்ளை வீட்டார் முகம் கொடுத்துப் பேசலை... ஊர் திரும்பும் வரைக்கும் அசைபோட ஏதாவது வேணுமே! அந்தக் கணக்கில் பார்த்தால், 2025 மாசி மாதம் அந்தமானில் நாங்கள் போய்வந்த கல்யாணம் ஒரு பொக்கிஷம். குறை சொல்ல ஆரம்பித்தால் பத்து வருஷத்துக்குத் தாங்கும். ஆனால் பாருங்க, டொரன்டோ திரும்பி வந்ததிலிருந்து வீட்டில் வேறு எந்தக் கல்யாணத்தைப் பற்றியும் பேச்சே இல்லை. தங்கமணி (அதாங்க, வீட்டு அம்மணி) தன் சொந்தத் தம்பி கல்யாண ஆல்பத்தைக்கூடத் திறப்பதில்லை. "அங்கே எல்லாம் சரியா நடந்துச்சு. சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்கிறாள்.

அந்தமானில் உங்களுக்கு யார் இருக்கா என்று கேட்கிறீர்கள்தானே? அதுக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

எங்கள் தாத்தாவும் அவர் தம்பியும் இலங்கை மலையகத்தில் ஒரே லயத்தில் பிறந்து, ஒரே தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும் என்று ஆளுக்கு ஆள் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். அந்த ஐந்தே கால் லட்சத்தில் எங்கள் வீட்டுத் தலைகளும் உண்டு. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்கு வந்தபோது அப்பாவுக்கு 12 வயசு. அங்கேதான் குடும்பம் இரண்டாகப் போச்சு. தாத்தாவுக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம். சின்னத் தாத்தாவுக்கு நிக்கோபாரில் கச்சால் என்று ஒரு தீவில் ரப்பர் தோட்டம். "தேயிலை தெரிஞ்சவனுக்கு ரப்பர் கத்துக்க எத்தனை நாளாகும்"னு சொல்லிட்டுப் போனாராம் மனுஷன்.

போனவர் போனவர்தான். கச்சால் பழங்குடியினருக்கான பாதுகாக்கப்பட்ட பகுதி. 1956ல் போட்ட சட்டப்படி அனுமதி இல்லாமல் வெளியாட்கள் அங்கே கால் வைக்க முடியாது. வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ கடிதம் வரும், அவ்வளவுதான். அப்புறம் 2000 ஜனவரி 1 அன்று, இந்தியாவில் புத்தாயிரத்தின் முதல் சூரிய உதயம் கச்சாலில்தான் என்று பத்திரிகையெல்லாம் எழுத, அப்பா அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டினார், "எங்க சித்தப்பா ஊரு" என்று. அந்த வருஷம்தான் அங்கே பேத்தி பிறந்திருக்கிறாள் என்று கடிதமும் வந்தது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் மிக மோசமாக அடிவாங்கிய தீவுகளில் கச்சாலும் ஒன்று. சின்னத் தாத்தா, சின்னப் பாட்டி, அவர்களுடைய மூத்த மகன், மருமகள், எல்லாரும் போய்விட்டார்கள். இளைய மகன், எனக்குச் சித்தப்பா முறை, வேலை விஷயமாகப் போர்ட் பிளேர் வந்திருந்ததால் தப்பித்தார். நாலு வயசுப் பேத்தி மட்டும் பிழைத்தாள். பக்கத்தில் குடியிருந்த நிக்கோபாரி அம்மா ஒருத்தர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஓடியிருக்கிறார். இதெல்லாம் எங்களுக்குத் தெரிய வந்ததே ரொம்பப் பின்னாடிதான். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடி கேபிள் போட்டு முடித்தார்கள். அதுக்கப்புறம்தான் சித்தப்பாவின் மகள்கள் எங்களை ஃபேஸ்புக்கில் தேடிப் பிடித்தார்கள். ஐம்பது வருஷத்துக்குக் கிட்டே விட்டுப்போன சொந்தம் ஒரு வீடியோ காலில் வந்து, "பெரியப்பா, சாப்டீங்களா?" என்று கேட்டதும் அப்பா போனைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பேத்திக்குத்தான் கல்யாணம். எனக்குத் தங்கச்சி.

சரி, கொசுவத்தி அணைஞ்சாச்சு. கல்யாணத்துக்கு வருவோம்.

இரண்டு நாள் முன்னதாகவே போய் இறங்கினோம். சென்னையிலிருந்து இரண்டே கால் மணி நேரம். 2024 செப்டம்பரில் ஊர்ப் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் ஆட்டோக்காரருக்கும் சித்தப்பாவுக்கும் இன்னும் 'பிளேர்'தான். சித்தப்பா வீடு ஊருக்குள் இல்லை, எதிர்க்கரையில், பாம்பூ ஃப்ளாட்டில். பெயரைக் கேட்டதும் தங்கமணி, "பாம்பா?" என்று காலைத் தூக்கிக்கொண்டாள். மூங்கில்மா, மூங்கில் :-) சாத்தம் தீவில் 1883ல் ஆரம்பித்த மரம் அறுக்கும் ஆலை இருக்கிறதே, அதுக்குப் பக்கத்துத் துறையிலிருந்து படகு. கால் மணி நேரம்கூட ஆகாது. படகை விட்டால் ரோடு வழியாகத் தீவைச் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகணும். இந்தப் படகை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி வேலை இருக்கு.

அப்பாவும் சித்தப்பாவும் படகுத்துறையில் பார்த்துக்கொண்டதை எழுத எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. சித்தப்பா அப்பாவின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். மாட்டியதை வீடு வரைக்கும் இறக்கவேயில்லை.

வீட்டில் போய் உட்கார்ந்து காப்பி குடித்ததும் அப்பா மெதுவாகக் கேட்டார்: "ஏற்பாடெல்லாம் யார் பாக்குறா?"

சித்தப்பா சித்தியைப் பார்த்தார். சித்தி மாப்பிள்ளை வீட்டார் பார்க்கிறார்கள் என்றார். அன்று மாலை மாப்பிள்ளையின் அப்பா வந்தார். ஸ்ரீகாகுளத்துத் தெலுங்குக்காரர், தங்கமான மனுஷன். பெண் வீட்டார் பார்க்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்!

அழைப்பிதழ் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் அடித்திருந்தார்கள். தமிழில் முகூர்த்தம் 7.00 – 8.30. தெலுங்கில் 7.30 – 8.30. இந்தியில் நேரமே இல்லை, "சுப்ரபாதம்" மாதிரி ஏதோ இருந்தது. கூடத்து வாசலில் பெரிய ஃபிளெக்ஸ், 'திருமன விழா' என்று. சித்தப்பா மகள்களின் கைவண்ணம். பள்ளிக்கூடத்தில் இந்தி, தெருவில் இந்தி, வீட்டில் மட்டும் தமிழ். எழுதத் தெரிந்ததே பெரிசு. "மனம் இருந்தா சரி"ன்னுட்டாள் தங்கமணி.

சமையல்காரரிடம் எத்தனை பேருக்கு என்று கேட்டேன். நூற்றைம்பது. சித்தப்பாவிடம் எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கீங்க என்று கேட்டேன். "தெரு பூரா" என்றார். எத்தனை வீடு? "எண்ணலையே தம்பி."

அன்று ராத்திரிதான் பெரிய குண்டு விழுந்தது. கல்யாணம் பண்ணிவைக்க வரவேண்டிய பந்துலு போனில் கூப்பிட்டு, "இந்த நேரத்தை யாரு குறிச்சது?" என்று கேட்டார். குறித்தது சாட்சாத் எங்கள் அப்பா. கோத்தகிரி வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும், சென்னையில் அச்சடித்த தினசரி காலண்டரைப் பார்த்து, மாசி மாசம், வளர்பிறை, மீன லக்னம் என்று பெருமையாகக் குறித்து அனுப்பியிருந்தார்.

"அந்த மீன லக்னம் உங்க ஊர்லதான் ஏழு மணிக்கு ஐயா. எங்க ஊர்ல ஆறே காலுக்கு முன்னாடியே ஆரம்பிச்சு ஏழு நாப்பதுக்கு முடிஞ்சு போகுது" என்றார் பந்துலு.

எனக்கு முதலில் புரியவில்லை. கடிகாரம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதானே? யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கடிகாரம் ஒன்றுதான், சூரியன் ஒன்று இல்லை. இந்திய நேரம் மொத்தமும் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துப் போட்டது. சென்னை அதற்கு மேற்கே, போர்ட் பிளேர் வெகுதூரம் கிழக்கே. இரண்டுக்கும் நடுவில் பன்னிரண்டரை டிகிரி. ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம் என்றால் ஐம்பது நிமிஷம். அந்த வாரத்தில் சென்னையில் ஆறு இருபது சுமாருக்கு எழுந்திருக்கிற சூரியன், இங்கே ஐந்தரைக்கே எழுந்து பல் விளக்கிவிடுகிறது. லக்னம் என்பது அந்தந்த ஊர்க் கிழக்கு வானத்தில் எது உதயமாகிறதோ அதுதான். அதனால் அதுவும் ஐம்பது நிமிஷம் முன்னாடியே வந்து, முன்னாடியே போய்விடும். வெளிநாட்டில் இருக்கும் நம் மக்கள், ஊர்க் காலண்டரை சமையலறையில் மாட்டிக்கொண்டு ராகுகாலம் பார்க்கிறோமே... ம்ம், அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது குடும்ப அமைதிக்கு நல்லது.

ஆக, அப்பாவின் காலண்டருக்கும் பந்துலுவின் கணக்குக்கும் பொதுவாக இருந்தது ஏழிலிருந்து ஏழு நாற்பது வரைக்கும்தான். "அதுக்குள்ள முடிச்சுடலாம், ஒன்னும் பிரச்சினை இல்லை" என்றேன் நான். கனடாவில் ப்ராஜெக்ட் மேனேஜர் ஆச்சே!

எல்லாரும் தூங்கப்போன பிறகு சித்தப்பா திண்ணையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவராகவே பேசினார்.

"தப்பா எடுத்துக்காத தம்பி. எனக்கு ஒன்னும் தெரியாது. என் கல்யாணம் 2006ல. கோயில்ல ரெண்டு மாலை, நாலு பேரு, முடிஞ்சுது. இது இதுக்கு இன்னது வேணும், இத இவங்க செய்யணும்னு சொல்ற ஆளுங்க ஒருத்தரும் இல்லை. அம்மா இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். எல்லாம் அவங்களோட போச்சு."

அன்று காலையிலிருந்து என் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த கிண்டலெல்லாம் அந்த இடத்தில் நின்று போச்சு. ஒரு கல்யாணத்தை நடத்தத் தெரிவது என்பது பணமோ ஆள்பலமோ இல்லை, வீட்டில் கிழவி ஒருத்தி உயிரோடு இருப்பது. இத்தனை வருஷமாக எத்தனை கல்யாணத்தில், "இந்தப் பாட்டிகளுக்கு வேற வேலை இல்லை" என்று சலித்துக்கொண்டிருப்பேன்!

மறுநாள், கல்யாணத்துக்கு முந்தின நாள், பூப்பெட்டி வரவில்லை. மல்லிகையும் மாலையும் சென்னையிலிருந்து விமானத்தில் வரவேண்டியது. விமானம் வந்தது, பெட்டி வரவில்லை. அதைவிடப் பெரிசாக, கச்சாலிலிருந்து வரவேண்டிய கப்பலும் வரவில்லை. அந்த நிக்கோபாரி அம்மா அதில் வருகிறார். தங்கச்சி அவரை 'நானி' என்றுதான் கூப்பிடுவாள். இந்தியில் பாட்டி. கடல் சரியில்லை, விடிகாலையில்தான் வரும் என்றார்கள்.

தங்கச்சி அதிகம் பேசுகிற பெண் இல்லை. மருதாணிக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், "நானி வராம நான் மணையில உக்கார மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். யாரும் பதில் பேசவில்லை. பேச என்ன இருக்கு?

நாங்கள் தங்கியிருந்தது நகரத்துப் பக்கம் ஒரு லாட்ஜில். அதனால் கப்பலுக்குப் போய் நானியைக் கூட்டிவரும் வேலை எனக்கு வந்தது. தங்கமணி ராத்திரியே சித்தி வீட்டில் தங்கிவிட்டாள். விடிகாலை நாலரைக்கெல்லாம் ஃபீனிக்ஸ் பே துறையில் இரண்டு ஆட்டோவோடு நின்றேன். கண்ணெதிரே கப்பல் நிற்கிறது, விளக்கெல்லாம் எரிகிறது, ஆனால் கரைக்கு வரவில்லை. இடம் காலியாகணுமாம். ஐந்தாச்சு. ஐந்தரைக்கு சூரியன் டாண் என்று வந்துவிட்டது, நம்ம கல்யாணத்துக்கு அது ஒன்றுதான் சொன்ன நேரத்துக்கு வந்தது! ஆறு. ஆறே கால். நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆறரைக்குக் கப்பல் ஒட்டியது.

இறங்கிய கூட்டத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் முழித்துக்கொண்டிருக்க, எழுபது வயசிருக்கும், குள்ளமாக, பூப்போட்ட கவுன் போட்ட ஒரு அம்மா, பின்னாலேயே ஐந்து பேர், இரண்டு சாக்குத் தேங்காய் சகிதம், நேராக என்னிடம் வந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ஆரம்பித்தேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கெழவனோட காது அப்படியே இருக்கு. சொகமா இருக்கியா?" என்றார்.

தமிழ். அதுவும் எங்கள் பாட்டி பேசுகிற மலையகத் தமிழ்! ரப்பர் தோட்டத்து லயத்துக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் இருந்தவருக்கு, அங்கே பேசின தமிழ் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேசினவர்கள்தான் இல்லை. எனக்குச் சட்டென்று வாயடைத்துப் போச்சு. தேங்காய் மூட்டையைத் தூக்கினேன். வேறு என்ன செய்ய?

சாத்தம் துறைக்கு ஆட்டோவில் பறந்தோம். அங்கே போனால், படகைத் தவறவிட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் நம்ம பந்துலு! அதே நாளில் நகரத்துப் பக்கம் விடிகாலையில் இன்னொரு கல்யாணத்தை முடித்துவிட்டு ஓடிவந்திருக்கிறார். மணி ஏழு ஐந்து. அடுத்த படகு வந்து, ஆள் இறங்கி, ஆள் ஏறி, ஸ்கூட்டர் ஏறி... ஏழு இருபது. எப்படியோ படகு முழுக்க விஷயம் பரவிவிட்டது. யாரோ ஒரு மீன்காரம்மா பந்துலுவுக்கு எழுந்து இடம் கொடுத்தார். பந்துலு உட்காராமல் கிழக்கே சூரியனையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏழு முப்பத்துமூன்றுக்குக் கூடத்து வாசலில் நுழைந்தோம்.

உள்ளே என்ன கோலம் என்கிறீர்கள்! பூப்பெட்டி வராததால் விடியும்போதே தெருப் பிள்ளைகளை ஏவிவிட்டு, வீட்டுக்கு வீடு செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி என்று பறித்துவரச் சொல்லி, தங்கமணியும் சித்தியும் மாலை கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை மாலை முழங்கால் வரைக்கும், பெண் மாலை கழுத்தோடு. பூ பத்தவில்லையாம். தங்கச்சி மணைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், உட்காராமல். நானியைப் பார்த்தாள். நானி அவள் கன்னத்தில் லேசாக ஒரு தட்டு தட்டி, "உக்காரு" என்றார். உட்கார்ந்தாள்.

ஏழு முப்பத்தைந்து. பந்துலு உட்கார்ந்ததும், "ஜீலகர்ர பெல்லம் எக்கட?" என்றார். தெலுங்குக் கல்யாணத்தில் முகூர்த்தம் என்பது தாலி கட்டும் நேரம் இல்லை. சீரகத்தையும் வெல்லத்தையும் அரைத்து, பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருத்தர் தலையில் ஒருத்தர் வைக்கிறார்களே, அந்த நேரம்தான். அதை அரைத்து வைக்கணும் என்பது பெண் வீட்டாருக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியும், ஆனால் பெண் வீட்டார் அரைத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள்! சமையற்கட்டுக்கு ஒருத்தி ஓடினாள். ரசத்துக்கு வைத்திருந்த சீரகம், பாயசத்துக்கு உடைத்த வெல்லம், அம்மியில் நாலு இழுப்பு. ஏழு முப்பத்தெட்டுக்கு இரண்டு தலையிலும் வைத்தாயிற்று.

பந்துலு கணக்குப்படி கல்யாணம் முடிந்தது.

அப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் குழப்பம். பந்துலு சிரித்துக்கொண்டே சொன்னார்: "தாலியை உங்க காலண்டர்ல கட்டிக்கலாம் ஐயா. எட்டரை வரைக்கும் நேரம் இருக்கு." அப்பாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்! இரண்டு ஊர் சூரியனுக்கும் மரியாதை கொடுத்த கல்யாணம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

தாலி எடுத்துக் கொடுக்கிற நேரத்துக்குச் சரியாகக் கரண்டு போச்சு. நாதஸ்வரம் எல்லாம் கிடையாது. ஒரு ஸ்பீக்கர், அதிலே போனிலிருந்து கெட்டிமேளம் என்பது திட்டம். ஸ்பீக்கர் செத்துப்போய்க் கிடக்க, மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே எல்லாரையும் பார்க்கிறார். ஒரு நொடி கூடம் முழுக்க அமைதி. அப்போது பின்வரிசையில் இருந்த பெங்காலிப் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரல் கொடுத்தார்கள் பாருங்க! அவர்கள் கல்யாணத்தில் அது 'உலு'வாம். நமக்கு அது குலவை இல்லையா? எங்கள் பாட்டி போடாத குலவையா? அப்பா சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். தங்கமணி தேனிப் பக்கத்துப் பெண், சும்மா இருப்பாளா? இவளும் சேர்ந்துகொண்டாள். அந்தச் சத்தத்தில் மூன்று முடிச்சும் விழுந்தது. எந்தக் கெட்டிமேளமும் எனக்கு அப்படிப் புல்லரித்தது இல்லை.

நான் பாட்டுக்கு ஓரமாக நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். பந்துலு நிமிர்ந்து, "பொரி போட பெண்ணோட அண்ணன் எங்கே?" என்றார். சித்தப்பாவுக்கு இரண்டும் பெண்கள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐயோ, ஆமாம், நான்தான்!

பொரி? அதுவும் இல்லை :-( பக்கத்து வீட்டு பெங்காலி தாதா ஓடிப்போய் ஒரு பிஸ்கட் டின் நிறைய 'முடி' கொண்டுவந்தார். முடி என்றால் பதறாதீர்கள், அவர்கள் தினம் சாயங்காலம் தின்கிற பொரிதான். மேலே கொஞ்சம் கடுகெண்ணெய் வாசனை. அக்னி பகவான் அனுசரித்துப் போயிருப்பார்.

தங்கச்சியின் குவிந்த கையில் நான் பொரி போட, சித்தி என் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார்: "அவ அண்ணன் இருந்திருந்தா இப்ப இருபத்தெட்டு வயசு."

அவளுக்குக் கூடப்பிறந்தவன் இருந்தான் என்பதே எனக்கு அதுவரைக்கும் தெரியாது. ஒரு கடிதத்திலும் இல்லை. அல்லது அந்தக் கடிதம் எங்களுக்கு வந்து சேரவில்லை. இரண்டாவது பிடி போட்டேன். மூன்றாவது பிடி போடும்போது தங்கச்சி நிமிர்ந்து பார்த்தாள். கை நடுங்கிப் பாதிப் பொரி கீழே சிந்திவிட்டது. பந்துலு ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பாட்டுக் கதையைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். நூற்றைம்பது பேருக்குச் சமைத்ததில் வந்தவர்கள் இருநூற்று நாற்பதுக்கு மேல். இலை பத்தாமல் தெருவில் இருந்த வாழைமரமெல்லாம் மொட்டையானது. எனக்குக் கிடைத்தது அரையடி இலை, பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் மாமாவுக்கு மூன்றடி. "என் இலையில் வந்து உட்காருங்க" என்றார்! சரக்குக் கப்பல் வரத் தாமதமானால் இங்கே காய்கறி விலை எகிறிவிடுமாம். அதனால் சாம்பார், கூட்டு, பொரியல் எல்லாம் பூசணி, வாழைக்காய், காராமணி, இந்த மூன்றே மூன்றின் அவதாரங்கள். சோறு தீர்ந்ததும் யாரும் பதறவில்லை. நாலு வீட்டிலிருந்து நாலு குக்கர் வந்தது, நாலு விதமான அரிசி. மீன் குழம்பு மட்டும் கடல் மாதிரி, அள்ள அள்ளக் குறையவில்லை. பாயசம் பத்தாமல் போனபோது பெங்காலி வீட்டிலிருந்து பாயேஷ் வந்தது. கரண்டு மதியம் மூன்று மணிக்கு வந்தது. அதற்குள் நானியும் அவரோடு வந்தவர்களும் கைகோத்து நின்று அவர்கள் மொழியில் ஒரு பாட்டுப் பாடி முடித்திருந்தார்கள். நமக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. தங்கச்சி மட்டும் கூடவே பாடினாள்.

2011 கணக்கெடுப்பில் இந்தத் தீவுகளின் மொத்த ஜனத்தொகையே 3.8 லட்சம்தான். அதில் தமிழ் பேசுகிறவர்கள் நூற்றுக்கு பதினைந்து பேர். பெங்காலி, இந்தி, தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி என்று மற்றதெல்லாம் கலந்து கிடக்கிறது. அவரவர் முறைப்படி அவரவர் கச்சிதமாகக் கல்யாணம் பண்ணிக்கொள்ளத்தான் செய்வார்கள். எங்கள் வீட்டில் முறை தெரிந்தவர்கள் இல்லாமல் போனதால், அன்றைக்குத் தெருவே ஆளுக்கொரு கை போட வேண்டியதாகிவிட்டது. எல்லாம் சரியாக ஏற்பாடு செய்திருந்தால் அந்தக் குலவைக்கு இடம் இருந்திருக்காது. எனக்கும் பொரி போடும் வேலை வந்திருக்கும், ஆனால் யாராவது ஒரு வாரம் முன்பே மின்னஞ்சலில் சொல்லியிருப்பார்கள். நானும் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு தயாராக நின்றிருப்பேன்.

நாங்கள் கிளம்பும் நாள் காலையில் அப்பா சித்தியிடம் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் கேட்டு வாங்கி, திண்ணையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். "அடுத்தது இன்னும் ரெண்டு பொண்ணு இருக்கே, அப்போ நான் இருக்கேனோ இல்லையோ" என்றார். எட்டிப் பார்த்தேன். மேலே 'கல்யாணத்துக்கு வேண்டியவை' என்று தலைப்பு. கீழே வரிசையாக: பொரி, சீரகம், வெல்லம் (முன்னாடியே அரைக்கணும்), பூ (உள்ளூரிலேயே), இலை, எத்தனை பேர் என்று எண்ண ஒரு ஆள், லக்னத்தில் ஐம்பது நிமிஷம் கழிக்கணும், நானிக்கு நாலு நாள் முன்னாடிக் கப்பல், பக்கத்து வீட்டுப் பெண்கள் (குலவை).

கடைசி வரியில், 'அண்ணன் – டொரன்டோ. டிக்கெட் சீக்கிரம் போடச் சொல்லணும்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.